யீல்ட் போட்ட ஃபங்ஷன் ஏன் ஓடவில்லை? பைத்தான் ஜெனரேட்டர் பற்றிய கேள்வி பதில்

வன்னியிலிருந்து பைத்தான் படிக்கிற பிள்ளைகள் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. கோடில் வரும் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது வழமையான எழுத்தில் தட்டுங்கள்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: அக்கா, ஃபங்ஷனுக்குள் முதல் வரியில் ஒரு பிரிண்ட், அதற்குக் கீழே யீல்ட் 1, யீல்ட் 2, யீல்ட் 3 என்று எழுதினேன். கூப்பிட்டால் பிரிண்ட் கூட வரவில்லை. பிழை என்றும் காட்டவில்லை. என்ன நடந்தது?

நீங்கள் எழுதியது சரிதான் தங்கச்சி. ஒரு ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு யீல்ட் இருந்தால் போதும், அதைக் கூப்பிட்டவுடன் பைத்தான் ஓட்டாது. ஓடத் தயாராக இருக்கும் ஒரு ஜெனரேட்டரை மட்டும் கையில் தரும். அதை ஒரு மாறியில் வைத்து, நெக்ஸ்ட் போட்டுக் கேளுங்கள். அப்போதுதான் முதல் வரி ஓடும். பிரிண்ட் வரும், 1 வரும், அந்த யீல்ட் வரியிலேயே அது நின்றுவிடும். மறுபடி நெக்ஸ்ட் போட்டால் நின்ற இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து தொடங்கி 2 தரும். பிரிண்ட் இரண்டாம் தரம் வராது.

கிடுகு பின்னுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். படலையில் யாரோ கூப்பிட, பாதி பின்னியதை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவார். திரும்பி வந்து இருந்ததும் முதல் ஓலையிலிருந்து தொடங்கமாட்டார், விட்ட ஓலைக்குத்தான் கை போகும். யீல்ட் செய்வதும் அதுதான். மாறிகளில் என்ன இருந்தது, எந்த வரியில் நின்றது என்று எல்லாம் அப்படியே இருக்கும். ரிட்டர்ன் போட்டால் வேலை முடிந்தது, பாயைச் சுருட்டியாயிற்று.

மாங்குளம்: லிஸ்ட் இருக்கும்போது இது எதற்கு அண்ணா? (அக்காதான் தம்பி, பரவாயில்லை.)

10 இலட்சம் எண்களை ஒரு லிஸ்டில் வைத்தால், 64 பிட் கணினியில் அந்த எண்கள் இருக்கும் இடங்களைக் குறித்து வைக்க மட்டும் சுமார் 8 எம்பி போகும். எண்களுக்கான இடம் வேறு. அதே எண்களை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் சில நூறு பைட்டுகளில் இருக்கும். 10 கோடி எண்கள் என்றாலும் அது பெருக்காது, ஏனென்றால் அது எண்களைச் சேர்த்து வைப்பதில்லை, அடுத்ததை எப்படிச் செய்வது என்று மட்டும் வைத்திருக்கிறது. பழைய மடிகணினியில் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எழுதுவதும் சுலபம். சதுர அடைப்புக்குள் ஃபோர் போட்டு எழுதும் லிஸ்டை வட்ட அடைப்புக்குள் எழுதினால் ஜெனரேட்டர் ஆகிவிடும். 2004இல் வந்த பைத்தான் 2.4இலிருந்தே இந்த வசதி உண்டு.

வட்டக்கச்சி, பொறியியல் மாணவன்: ஒரு ஜெனரேட்டரை இன்னொன்றுக்குக் கொடுத்தால், முதலாவது முழுவதும் முடிந்த பிறகா இரண்டாவது தொடங்கும்?

இல்லை. ஜெனரேட்டரின் அழகே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் மணிக்கு ஒரு வரியாக ஒரு பைலில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் ஜெனரேட்டர் பைலிலிருந்து வரியைத் தருகிறது. இரண்டாவது அதை எண்ணாக மாற்றுகிறது. மூன்றாவது, குளத்தின் முழுக் கொள்ளளவான 36 அடியைத் தொட்டவற்றை மட்டும் விடுகிறது. கடைசியில் நீங்கள் ஒரு ஃபோர் லூப் போடுகிறீர்கள்.

லூப் மூன்றாவதைக் கேட்கும், மூன்றாவது இரண்டாவதைக் கேட்கும், இரண்டாவது முதலாவதைக் கேட்கும். ஒரே ஒரு வரி வாசிக்கப்படும். 31.5 என்று வந்தால் மூன்றாவது அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும். 36 வந்ததும் உங்கள் கைக்குத் தரும். நீங்கள் அங்கேயே பிரேக் போட்டால் மிச்ச வரிகள் எண்ணாகக்கூட மாறாது. வயல்காரர் கேட்கக் கேட்கத் துருசு திறக்கிற மாதிரி, கீழே கேட்டால்தான் மேலே அசையும். மூன்று ஃபங்ஷனுக்குள்ளும் ஒவ்வொரு பிரிண்ட் போட்டு, வருகிற ஒழுங்கைக் கட்டாயம் ஒருமுறை கண்ணால் பாருங்கள். நான் பத்துப் பந்தி எழுதினாலும் அந்தத் திரை காட்டுவது போல வராது.

புதுக்குடியிருப்பு: மொத்தம் சரியாக வருகிறது. அதே ஜெனரேட்டரை வைத்து எண்ணிக்கை எடுத்தால் 0 வருகிறது அக்கா.

ஒரு இரவு முழுக்க இதே சிக்கலோடு இருந்திருக்கிறேன். நெல் மூட்டைகளின் எடைக்குச் சராசரி எடுக்கும் சின்ன வேலை. சம் போட்டு மொத்தம் எடுத்தேன். பிறகு அதே ஜெனரேட்டரை லிஸ்ட் ஆக்கி எத்தனை என்று எண்ணி, மொத்தத்தை அதால் வகுத்தேன். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நின்றுவிட்டது. பைலில் பிழை என்று நினைத்து விடியும்வரை பைலையே தோண்டினேன். சம் போட்ட நேரமே ஜெனரேட்டர் கடைசிவரை ஓடி முடிந்துவிட்டது. முடிந்தது திரும்ப ஓடாது, லிஸ்ட் ஆக்கும்போது பிழையும் சொல்லாது, வெறுமையாக நிற்கும்.

இரண்டு வழி உண்டு. ஒரே லூப்பில் மொத்தத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து எடுங்கள், அல்லது ஃபங்ஷனைத் திரும்பக் கூப்பிட்டுப் புது ஜெனரேட்டர் எடுங்கள். தரவு கொஞ்சம்தான் என்றால் லிஸ்ட் ஆக்கி வைத்துவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

வவுனியா: வித் ஓபன் போட்டுப் பைலைத் திறந்து, வட்ட அடைப்பு ஜெனரேட்டரை ரிட்டர்ன் பண்ணினேன். மூடிய பைலை வாசிக்க முடியாது என்கிறது.

ரிட்டர்ன் ஆனதும் வித் பைலை மூடிவிடும். ஜெனரேட்டரோ இன்னும் ஒரு வரியும் வாசிக்கவில்லை. நீங்கள் கேட்கும்போது பைல் மூடிக் கிடக்கிறது. ரிட்டர்னை எடுத்துவிட்டு, வித்துக்குள்ளேயே ஃபோர் லூப் போட்டு வரி வரியாக யீல்ட் பண்ணுங்கள். யீல்டில் நிற்கும்போது ஃபங்ஷன் வித்துக்குள்தானே நிற்கிறது, அதனால் பைல் திறந்தே இருக்கும், எல்லா வரியும் முடிந்ததும் மூடும். பாதியில் விட்டால் ஜெனரேட்டரின் குளோஸைக் கூப்பிடுங்கள்.

முல்லைத்தீவு: 1, 2, 3 என்று முடிவே இல்லாமல் தரும் ஜெனரேட்டரில் 100க்குக் குறைந்தவற்றை ஃபில்டர் பண்ணி லிஸ்ட் ஆக்கினேன். கணினி உறைந்துவிட்டது.

100 தாண்டினால் இனிச் சின்ன எண் வராது என்று உங்களுக்குத் தெரியும், ஃபில்டருக்குத் தெரியாது. அது தேடிக்கொண்டே இருக்கும். பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸில் உள்ள டேக்வைலைப் போடுங்கள், நிபந்தனை முதல் தரம் பொருந்தாமல் போன உடனே அது நிறுத்திவிடும். இத்தனை வேண்டும் என்று எண்ணிக்கை தெரிந்தால் அதிலேயே உள்ள ஐஸ்லைஸ். வரிசைப்படுத்தித் தரும் சோர்ட்டடும் முடிவில்லாததில் உறையும். மிகச் சிறியது கடைசியில் வரக்கூடும் என்பதால் அது எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

மல்லாவி: இது பைத்தானில் மட்டுமா?

இல்லை. 1970களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் என்ற கணினி அறிஞரின் குழு உருவாக்கிய சிஎல்யூ மொழியிலேயே யீல்ட் இருந்தது. பைத்தானுக்கு 2001இல், 2.2 பதிப்பில் வந்தது. சி ஷார்ப் 2005இலும் ஜாவாஸ்கிரிப்ட் 2015இலும் எடுத்துக்கொண்டன. ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடவேண்டும்.

மீண்டும் கிளிநொச்சி மாணவி: நெக்ஸ்ட் போட்டேன் அக்கா, 1, 2, 3 வந்தது! நாலாம் தரம் ஸ்டாப் இட்டரேஷன் என்று சிவப்பில் வருகிறது.

இனித் தர ஒன்றும் இல்லை என்று ஜெனரேட்டர் சொல்லும் முறை அது. ஃபோர் லூப் அதைத் தானே பிடித்து அமைதியாக முடித்துக்கொள்ளும், அதனால் இவ்வளவு நாளும் உங்கள் கண்ணில் படவில்லை. இப்போது நெக்ஸ்டை எடுத்துவிட்டு, அதே ஃபங்ஷனைப் புதிதாகக் கூப்பிட்டு ஃபோர் லூப்பில் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. சிவப்பு வராது.