தைராய்டும் எடையும்: கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதத்தில் 15 கிலோ ஏறிவிட்டேன். டிஎஸ்ஹெச் 6.2. எல்லாம் தைராய்டு வேலைதானே சார்?

பதில்: இல்லை. தைராய்டு நன்றாகவே குறைந்தவர்களுக்குக்கூட அதனால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறும். 6.2-க்கு 15 கிலோ ஏற்றும் வலு கிடையாது. இரண்டு மூன்று மாதம் கழித்து டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோன்), டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டையே தாக்கும் எதிர்ப்புப் பொருள்) மூன்றையும் பாருங்கள். பலருக்கு டிஎஸ்ஹெச் தானாகவே இறங்கிவிடும். இவ்வளவு வேகமாக எடை ஏறினால் ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், கார்டிசால் என்ற ஹார்மோனின் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் டிஎஸ்ஹெச் ஒரு முறை 3, அடுத்த முறை 11. கால்சியமும் இரும்புச்சத்தும் டிபனோடு போடுகிறேன்.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். கால்சியமும் இரும்பும் உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்ஸினை (டி4 ஹார்மோன்) குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போவது குறையும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம் கலந்த மருந்துக்கும் அப்படியே. மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் டிபனும். காலையில் ஒத்துவராவிட்டால் இரவில், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம். காலையோ இரவோ, தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

டி4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் டோஸோ நேரமோ மாற்றிய பத்தாம் நாள் பரிசோதனைக்கு ஓடுவது வீண். 6 முதல் 8 வாரம் பொறுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எண் ஊசலாடினால், செலியாக் நோயோ (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படுவது) வயிற்று அமிலக் குறைவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டோஸைக் கூட்டும் முன் விழுங்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கேள்வி: முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?

பதில்: வேகவைத்துத் தாராளமாக. தைராய்டுக்குத் தொல்லை தரும் பொருளை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அயோடின் குறைவாக உள்ளவர், பச்சையாக, தினமும், நிறையச் சாப்பிட்டால்தான் கவலை.

கேள்வி: காலிஃபிளவர்?

பதில்: மேலே உள்ளதே.

கேள்வி: ப்ரோக்கோலி?

பதில்: அதுவும் அதே குடும்பம். முள்ளங்கி கேட்க நினைப்பவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: டிஎஸ்ஹெச் 2, ஆனால் எடை இறங்கவில்லை. டோஸைக் கொஞ்சம் கூட்டினால் என்ன?

பதில்: கூட்டக்கூடாது. தேவைக்கு மேல் ஹார்மோன் போனால் கொழுப்போடு தசையும் கரையும், எலும்பு மெலியும். டிஎஸ்ஹெச் 0.1-க்குக் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து கூடும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம்.

அதே வாசகர்: மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம் 4 கிலோ இறங்கினேனே! அப்போது வேலை செய்தது இப்போது ஏன் செய்யாது?

பதில்: அன்று இறங்கியது பெரும்பாலும் நீர். ஹார்மோன் குறையும்போது தோலுக்கடியில் சேரும் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் நீரைப் பிடித்து வைக்கும். முகம் உப்புவது அதனால்தான். ஹார்மோன் சரியானதும் அந்த நீர் வெளியேறிவிட்டது. இனி வெளியேற அது மிச்சமில்லை.

இன்னொரு வாசகர்: அப்படியானால் டி3 மாத்திரை?

பதில்: டி3 இன்னொரு தைராய்டு ஹார்மோன். ரத்தத்தில் வேகமாக ஏறி வேகமாக இறங்கும் மருந்து, படபடப்பு வரும். எடை குறைக்க அதைத் தொடாதீர்கள். டிஎஸ்ஹெச் சரியான பிறகு உங்கள் எடையும் மற்றவர்கள் எடை போலத்தான்: சாப்பாட்டின் அளவு, புரதம், தசைக்கான பயிற்சி, தூக்கம். இந்த வாதத்தை இதோடு விடுவோம்.

கேள்வி: முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறேன். திடீரென்று டிஎஸ்ஹெச் குறைவு, டி4 அதிகம் என்கிறார்கள்.

பதில்: பல பரிசோதனை முறைகளில் பயோட்டின் என்ற இந்த வைட்டமின் புகுந்து, இல்லாத மிகைத் தைராய்டைக் காட்டும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அதிக அளவில் எடுப்பவர் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் டோஸைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடற்பாசி மாத்திரை?

பதில்: வேண்டாம். அதில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

கேள்வி: மாத்திரை போடுகிறேன், இப்போது கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது.

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் டோஸ் கால்பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் காபி?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.