உப்பும் சர்க்கரையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். "குடலில் செல் சுவர் வழியாக சோடியம், குளுக்கோஸ் கடத்தப்படுகிறது" என்று ராத்திரி பதினோரு மணி வரை நெட்டுருப் போடுகிறாள். நான் பி.காம். படித்தவள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆசை, ஒன்றும் விளங்கவில்லை. செல்லைப் பற்றித் தமிழில் எளிமையாக ஒரு புத்தகம் சொல்வீர்களா? கலைச்சொற்களைத் தமிழில் படிப்பது நல்லதா, ஆங்கிலத்திலா? நீட் முடிந்த பிறகு இந்த சோடியமும் குளுக்கோஸும் யாருக்காவது எதற்காவது உதவுமா என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

பதினோரு மணி வரை பெண்ணுக்குத் துணையாக விழித்திருக்கும் அம்மாவிடம் கோபித்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன், சுவர் என்று எழுதாதீர்கள், அவளையும் எழுத விடாதீர்கள். வெங்காயத்தின் செல்லுக்குச் சுவர் உண்டு, வாழைத்தண்டுக்கு உண்டு. உங்கள் குடலுக்கும் என் குடலுக்கும் கிடையாது. நமக்கு இருப்பது சவ்வு மட்டும். பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கினால்தான் ஒரு தாளின் கனம் வரும், அவ்வளவு மெல்லிசு. பாடப்புத்தகப் படத்தில் நியூக்ளியஸுக்கு ஒரு வண்ணம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு வண்ணம் கொடுத்துவிட்டு, சவ்வை வெளியே ஒரு கோடாக இழுத்து விட்டுவிடுகிறார்கள். உள்ளே எது வரலாம், எது வரக்கூடாது என்பதெல்லாம் அந்தக் கோட்டில்தான் நடக்கிறது, அதற்கு வகுப்பில் பத்து நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை.

சவ்வின் அடிப்படை கொழுப்பு. ரசத்தின் மேல் எண்ணெய் தனியாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீரோடு ஒட்டுகிற எதையும் எண்ணெய் உள்ளே சேர்க்காது. உப்பில் இருக்கும் சோடியம் மின்னேற்றம் உள்ளது, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும். அதனால் கொழுப்பைத் தாண்ட முடியாது. குளுக்கோஸுக்கும் அதே கதிதான். அதற்காகச் சவ்வில் அங்கங்கே புரதத்தால் ஆன கதவுகள் இருக்கின்றன. சிறுகுடல் செல்லில் இருக்கும் ஒரு கதவு விசேஷமானது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரத்தில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னார். உங்கள் மகள் நெட்டுருப் போடும் வரி அதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. 1974 கோடை. காலையில் ஆரம்பித்த பேதி சாயங்காலம் வரை நிற்கவில்லை. "தண்ணி குடுக்காதீங்க, குடிச்சா குடிச்சது அப்படியே போயிரும்" என்று அப்பத்தா சொன்னாள். அவளை யாரும் திட்டவேண்டாம், எட்டுப் பிள்ளை பெற்றவள், கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். வெறும் தண்ணீர் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி அவன் கண் குழி விழுந்துவிட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. அப்பத்தா வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், கிள்ளின மடிப்பு கிள்ளினபடி நின்றது. நான் முதுகுக்குப் பின்னால் ஒரு தம்ளர் தண்ணீரை ஒளித்துவைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருந்தேன். கொடுக்கவில்லை. விடியும் முன்னே போய்விட்டான். எங்கள் அடுப்பங்கரையில் உப்பு ஜாடியும் சர்க்கரை டப்பாவும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1971இல், மேற்கு வங்கத்தில் பன்காவ் என்ற எல்லை ஊரில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) ஓடிவந்த அகதிகள் காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தது பெரும்பாலும் அம்மாக்களும் அக்காக்களும். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. காலரா நஞ்சு குடல் செல்லிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டவைக்கும், ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் கதவை அது தொடுவதில்லை. சாகக் கிடக்கிற குழந்தையின் குடலிலும் அந்தக் கதவு வேலை செய்துகொண்டே இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது 2022இல் மஹாலனாபிஸ் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்பில், அதாவது தம்பி போய் 48 வருஷம் கழித்து. அன்றிலிருந்து இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், உங்கள் கடிதம் வந்துவிட்டது.

யாருக்காவது எதற்காவது உதவுமா என்று இனிமேல் கேட்காதீர்கள், தயவுசெய்து. அவள் காதில் விழும்படி கேட்கவே கேட்காதீர்கள்.

தமிழா ஆங்கிலமா என்பது பெரிய விஷயமில்லை, எந்த மொழியில் அவளால் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடிகிறதோ அதில் படிக்கட்டும். நீட் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் இப்போதைக்கு அவளுடையதே போதும், அந்தப் பாடத்தை ராத்திரி பதினோரு மணிக்குப் படிக்கவேண்டாம், சாயங்காலம் அடுப்பங்கரையில் வைத்துப் படியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸ் கொடுக்கும், அதனால் வீட்டுச் சர்க்கரையே போதும். வீட்டில் யாருக்காவது நிஜமாகவே பேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தருவார்கள், அதை வாங்குங்கள், குழந்தை சோர்ந்து கிடந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நான் சொன்ன கலவை பாடத்துக்காக. அவளையே கலக்கச் சொல்லுங்கள். எது எதோடு சேர்ந்து எந்தக் கதவில் நுழைகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே கலக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் சொல்லுங்கள்.