செல்கள் பிரியும் நேரத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தைக் கணித மாதிரியில் எப்படிச் சேர்ப்பது?

ஒரே மரபணுவும் ஒரே ஊட்டமும் கொண்ட செல்கள்கூட ஒரே நேரத்தில் பிரிவதில்லை. எனவே பிரிவதற்கு ஆகும் காலத்தை ஓர் எண்ணாகக் கொள்ளாமல், நிகழ்தகவுப் பரவலாகக் கொள்ள வேண்டும். பலர் முதலில் எடுப்பது அடுக்குக்குறிப் பரவல். கணக்கு எளிதுதான், ஆனால் அதன்படி சற்றுமுன் பிறந்த செல்லும் நெடுநேரம் வளர்ந்த செல்லும் அடுத்த நிமிடத்தில் பிரிவதற்குச் சம வாய்ப்பு உடையவை; டி.என்.ஏ.வை நகலெடுக்கவே நேரம் தேவைப்படும் செல்லுக்கு இது பொருந்தாது.

மாறாக, செல் பிறந்து பிரியும் வரையான சுழற்சியை ஒன்றன்பின் ஒன்றாக வரும் k கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சராசரியுள்ள அடுக்குக்குறிப் பரவலைக் கொடுத்தால், மொத்தக் காலம் காமா பரவலை, அதாவது k பெரிதாகும்போது சராசரியைச் சுற்றிக் குறுகும் பரவலை, பின்பற்றும். அப்போது திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் 1/√k வரும்; அதாவது 20 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு k = 25. இந்தக் கட்டங்களை உண்மையான உயிரியல் நிலைகளாக எண்ணிவிடக் கூடாது. அவை பரவலின் வடிவத்தைப் பொருத்தும் கருவி மட்டுமே.

வியப்பானது இதன் விளைவு. பிரிவதற்கு ஆகும் சராசரிக் காலம் τ என்றும் செல்கள் இறப்பதில்லை என்றும் கொண்டால், செல் கூட்டத்தின் வளர்ச்சி வீதம் (k/τ)(2^(1/k) − 1) ஆகும்; ln 2-ஐ இதனால் வகுத்தால் கூட்டம் இரட்டிப்பாகும் நேரம் வரும். சராசரி 60 நிமிடமானால், k = 25 எனும்போது கூட்டம் இரட்டிப்பாக ஏறத்தாழ 59.2 நிமிடமும், k = 1 எனும்போது 41.6 நிமிடமும் ஆகும். முந்திப் பிரியும் செல்களின் வாரிசுகள் விரைவில் பெருகுவதே காரணம்.

இவையெல்லாம் தாய்ச் செல்லின் காலமும் சேய்ச் செல்லின் காலமும் தொடர்பற்றவை என்ற அனுமானத்தில் நிற்கின்றன. ஈ. கோலை போன்ற பாக்டீரியாவில் ஒவ்வொரு செல்லும் பிறந்தது முதல் ஏறத்தாழ மாறாத அளவு பருமனைக் கூட்டிய பிறகே பிரிவதால், இந்த அனுமானம் சரியாகப் பொருந்தாது; அங்கு நேரத்தைவிடப் பருமனை மாறியாகக் கொள்வதே மேல்.