வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் காலாற நடக்க எங்கே போகலாம்?

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அடுத்த மாதம் நானும் கணவரும் போகிறோம். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 67. போன தடவை மால் மாலாகச் சுற்றிக் காட்டியதில் நொந்துபோனார். மரம், காடு என்று நடக்க இடம் இருக்கிறதா? அவருக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக இருக்கிறது. ஆனால் உங்கள் மகன் முதலில் மெக்ரிச்சி காட்டில் இருக்கும் தொங்கு பாலத்துக்குத்தான் கூட்டிப்போவான். எல்லா மகன்களும் அதைத்தான் செய்கிறார்கள். பாலம் 250 மீட்டர்தான். அதற்குப் போய்ச் சேரவும் திரும்பவும் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். பாலம் ஒருவழிப் பாதை, தாண்டினால் படிக்கட்டுகள். முழங்கால் வலியோடு வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கென்றே ஓர் இடம் இருக்கிறது: ரயில் காரிடார். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், மலேசிய ரயில் ஓடிய பாதை. கடைசி வண்டி 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டது; ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். அப்புறம் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவிட்டார்கள். ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது என்று அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பாதை முழங்காலுக்கு இதம்.

முழுதும் நடக்க வேண்டாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே புக்கிட் தீமா சாலைக்கு மேலே பழைய இரும்புப் பாலம். ரிவெட் ரிவெட்டாகப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். வடக்கே நடந்தால் புக்கிட் தீமா காடு கூடவே வரும். பிறகு இன்னோர் இரும்புப் பாலம், ரயில் மால் (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வரிசையாகச் சின்னக் கடைகள்தான்), அப்படியே ஹில்வியூ எம்ஆர்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொரு நாள் குவீன்ஸ்டவுன் பக்கம் முனீஸ்வரன் கோயிலுக்குப் போங்கள். ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்டு வளர்ந்த கோயில் அது.

கால் பழகிவிட்டதென்றால் சதர்ன் ரிட்ஜஸ் என்ற குன்றுப் பாதை. அங்கே அலெக்சாண்ட்ரா பாலத்திலிருந்து மர உச்சிகளுக்கு நடுவே ஓர் இரும்பு நடைபாதை போகிறது, சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சரிவு குறைவு. நம்மவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே கிளம்பாதீர்கள். அங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடியும். பிற்பகலில் இடிமழை வரும் என்பதால் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்கு பிடுங்கும். பாவமென்று பழம் கொடுத்தால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போட அங்கே சட்டம் இருக்கிறது.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும் லீவு. செலவில்லாமல் பறவை பார்க்க முடியுமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகம். கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பேருந்து. நுழைவுக் கட்டணம் கிடையாது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். கடல் பொங்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் வெளியே சேற்றில் மேயும் உள்ளான் பறவைகள் உள்ளே குளக்கரைக்கு வந்து கூட்டமாக நிற்கும். வற்றிய நேரத்தில் போனால் தூரத்துப் புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள். அங்கே முதலையும் உண்டு, நிஜமான உவர்நீர் முதலை. பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம்.