கினபாலுவுக்குப் பணம் கட்டுமுன்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதால் மலையேற்றம் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஒரு வாட்ஸ்அப் மலையேற்றக் குழுவில் இருக்கிறோம். விடுமுறையில் கினபாலு மலைக்கு ஆளுக்கு 980 வெள்ளி என்று குழுத் தலைவர் அறிவித்திருக்கிறார். இந்த வாரத்துக்குள் முழுத் தொகையையும் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். அக்கா, அத்தான், நான் என மூன்று பேர் போகிறோம். நம்பிக் கட்டலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த 980 வெள்ளிக்கு அவர் எதை விற்கிறார் என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை.

பினாங்குக் கொடிமலைக்குப் போவதுபோல நினைத்த நாளில் கினபாலு ஏற முடியாது. வழக்கமான பயணம் இரண்டு பகல், ஓர் இரவு. முதல் நாள் 1,866 மீட்டர் உயரத்தில் உள்ள திம்போஹோன் வாசலில் தொடங்கி, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஏறிப் பனாலாபானில் தங்க வேண்டும். அது 3,270 மீட்டரை ஒட்டிய உயரம். மறுநாள் விடியுமுன் எழுந்து, கருங்கல் பாறைமேல் கயிற்றைப் பிடித்தபடி 4,095 மீட்டர் உச்சிக்குப் போவார்கள். பனாலாபானில் படுக்கைகள் எண்ணிக்கையில் அடங்கியவை, அதனால் ஏறுவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. விடுமுறைத் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆக, விலை மலிவா என்பதைவிட, அந்தத் தேதியில் உங்கள் மூவர் பெயரிலும் படுக்கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அவரிடம் தங்குமிடத்தின் உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் தேதியும் மூவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். "முதலில் பணம் வரட்டும், அப்புறம் புக் செய்கிறேன்" என்றால், அவர் கையில் இன்னும் எதுவும் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் சிறு முன்பணம் மட்டும் கொடுத்து, இந்தத் தேதிக்குள் உறுதிக் கடிதம் வராவிட்டால் பணம் முழுவதும் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, அதுவும் ஆதாரம்தான்.

அடுத்து, தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். சபா பூங்காவின் ஏறும் அனுமதி, கட்டாய வழிகாட்டிக்கான கட்டணம், காப்புறுதி, பூங்கா அலுவலகத்திலிருந்து திம்போஹோன் வாசலுக்கு வண்டி, சாப்பாடு எல்லாம் உள்ளேயா? மூட்டை சுமப்பவருக்கு எடைக்கு ஏற்பத் தனியாகக் கொடுக்க வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் மட்டும்தான் 980 என்றால் மற்றவற்றுக்கு மேலும் செலவாகும். உங்களோடு வருபவர்களில் யாராவது வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்குக் கட்டணம் வேறு; கூட்டாகப் போகும் குடும்பங்களில் கடைசி நேரச் சண்டை பெரும்பாலும் இதில்தான் வரும்.

மழையோ காற்றோ வலுத்தால் உச்சிப் பாதையை மூடிவிடுவார்கள். பனாலாபான்வரை வந்து திரும்பிய அந்தப் பயணத்துக்குப் பொதுவாகப் பணம் திரும்ப வராது. அது நியாயமும்கூட. மலையை மூடியது குழுத் தலைவர் அல்ல. ஆனால் புறப்படும் முன்பே பயணம் ரத்தானால் வேறு தேதியா, பணமா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

ஆள் சேர்த்து, பணம் வாங்கிச் சுற்றுலா நடத்துவது தொழில் என்றால் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் இணையத் தளத்தில் பாருங்கள். கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதில் அந்த எண் வரவில்லை என்பதாலேயே ஆள் சுத்தம் என்று ஆகிவிடாது. வந்தால் மட்டும் தெளிவான பதில். ஏற்கெனவே கட்டிவிட்டு ஆள் காணாமல் போயிருந்தால், கூச்சப்படாமல் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். இதில் தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் பெரிய தள்ளுபடியில் மலையேறும் காலணி வாங்கினேன். பயிற்சிக்காகத் தண்ணீர்மலைப் படிகளில் இரண்டாவது முறை ஏறும்போது அடிப்பாகம் முழுவதும் கழன்று வந்துவிட்டது. வாங்கி மூன்று மாதம்தான். "தள்ளுபடிப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறது கடை. நான் அடிக்கடி போடாததுதான் காரணமாம்!
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கடைக்காரர் கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தெரிந்தாலும் முழுப் பொய் இல்லை. பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல வேதியியல் முறையில் உடைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பெட்டிக்குள் புதிதாக இருக்கும்போதே அது நடக்கும். மேல்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே நடு அடுக்கு காய்ந்த பிஸ்கட்போல ஆகியிருக்கும்.

ஆனால் இது உங்கள் தவறு ஆகாது. மூன்றே மாதத்தில் இந்த நிலை என்றால் காலணி கிடங்கில் பல வருடம் கிடந்திருக்கக்கூடும். பல காலணிகளில் நாக்குப் பகுதியின் உட்புறம் தைத்திருக்கும் சிறு துணிச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். அதைப் படம் எடுங்கள். கழன்ற பாகத்தைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்கவும் வேண்டும். தள்ளுபடிக்கும் இது பொருந்தும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டிவிட்டால் சட்டம் தந்த உரிமை போய்விடாது. விற்கும்போதே "பழைய சரக்கு, அடிப்பாகம் கழலலாம்" என்று குறையைச் சொல்லியிருந்தால் மட்டும் உங்கள் வழக்கு பலவீனப்படும். ரசீதையும் படங்களையும் இணைத்துக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம்.

அடுத்த ஜோடி வாங்கும்போது குதிகால் பக்கத்தில் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய கோடுகளாகச் சுருக்கம் விழுந்தால், மாவுபோல உதிர்ந்தால், பிசுபிசுத்தால் வைத்துவிடுங்கள். வாங்கிய பிறகு கொடிமலையின் ஜீப் பாதையில் ஏறி இறங்கிப் பாருங்கள். முக்கியமாக இறங்கும்போதுதான் கால்விரல் முன்னால் இடிக்கிறதா என்பது தெரியும்.

அதிக விலை வேண்டாம் என்றால், அந்தக் காலத்தில் நம் தோட்டத்தில் பால்வெட்டப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் காலணி இருக்கிறதே, 'கம்போங் அடிடாஸ்'. கினபாலு வழிகாட்டிகள் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஒட்டு கழலும் கவலை இல்லை. மெத்தை கிடையாது என்பதால், பழகாத கால் இறக்கத்தில் வலிக்கும்.

கேள்வி: கினபாலுவில் 'வியா ஃபெராட்டா' இரும்புப் படிப் பாதைக்கும் சேர்த்துப் பதிந்திருக்கிறோம். இடுப்புப் பட்டை, கொக்கி, தலைக்கவசம் எல்லாம் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– வாசகர், செபராங் ஜெயா

பதில்: வேண்டாம். அந்தப் பாதையை நடத்துபவர்களே கருவிகளைத் தருவார்கள், கட்டணத்தில் அது அடக்கம். விழும்போது அதிர்ச்சியை உள்வாங்கும் தனி வகைக் கயிறு அதற்குத் தேவை. சாதாரணக் கயிற்றைக் கொக்கியில் மாட்டுவது ஆபத்து. இணையத்தில் வரும் வண்ணக் கொக்கிகள் பலவற்றில் "ஏறுவதற்கு அல்ல" என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், அவை சாவி மாட்டத்தான். அந்தப் பணத்துக்கு நல்ல பிடிமானமுள்ள கையுறையும் தலைவிளக்கும் வாங்குங்கள். உச்சிப் பாதையிலும் கயிற்றைப் பிடிக்கக் கையுறையும், இருட்டில் நடக்க விளக்கும் வேண்டும்.

ஒன்று மட்டும் பாருங்கள்: உங்கள் காப்புறுதி. பல பயணக் காப்புறுதிகளில் கயிறும் கருவியும் பயன்படுத்தும் மலையேற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் உயர வரம்பும் உண்டு. "மலையேற்றம் அடங்கும்" என்று முகவர் வாயால் சொல்வது போதாது, 4,095 மீட்டரும் வியா ஃபெராட்டாவும் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய துணி விற்கும் பண்டல் கடையில் 45 வெள்ளிக்கு ஒரு நல்ல பிராண்டு மழை ஜாக்கெட் கிடைத்தது. நம்பலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் ஒட்டிய நாடா உரிகிறதா, வெள்ளைத் தோல்போல உதிர்கிறதா? அப்படியானால் தண்ணீர் தாங்கும் பூச்சு செத்துவிட்டது. தைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. நன்றாக இருந்தால் போட்டுக்கொண்டு குளியலறைத் தூவலின்கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். தோளும் முழங்கையும் உலர்ந்திருந்தால் 45 வெள்ளிக்கு நல்ல வியாபாரம். விடியுமுன் உச்சியில் குளிர் உறைநிலையை நெருங்கலாம், காற்றும் சேரும். ஆகவே உள்ளே போடக் கம்பளி கலந்த சட்டை ஒன்றை அதே கடையில் தேடுங்கள், அதற்கு வயது ஒரு பொருட்டல்ல.