எதிர்த்தரப்பை எழுதப் பழக்குதல்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பொருளின் இரு பக்கத்தையும் ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னால், சிலர் மேடைப் பேச்சை எழுதித் தருகிறார்கள். மற்றவர்கள் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று பட்டியலிட்டு, ‘எதையும் அளவோடு பயன்படுத்துவோம்’ என்று முடித்துவிடுகிறார்கள். நடுநிலையாக எழுதுங்கள் என்றால் கருத்தே இல்லாமல் எழுதுகிறார்கள். கருத்தைச் சொல்லுங்கள் என்றால் எதிர்த்தரப்பை ஏசுகிறார்கள். இதை எப்படிக் கற்பிப்பது? இப்படிப் பழக்கினால் பொதுத்தேர்வில் மதிப்பெண் குறையும் என்று பெற்றோரும் அஞ்சுகிறார்கள்.

தமிழாசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்கள் குறிப்பிடும் இரண்டு வகைக் கட்டுரைகளையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நாம்தான். முதல் வகை பேச்சுப்போட்டியிலிருந்தும் பட்டிமன்றத்திலிருந்தும் வருகிறது. பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதில் ஒன்றையேனும் ஒப்புக்கொள்பவர் தன் அணிக்குத் துரோகம் செய்தவர் ஆகிவிடுகிறார். நடுவரோ பெரும்பாலும் இரண்டும் வேண்டும் என்று சொல்லி இரு அணியையும் மகிழ்வித்து அனுப்புகிறார். (பட்டிமன்றத்தை நான் விரும்பிப் பார்ப்பவன், பொங்கல் நாளில் அது இல்லாவிட்டால் எனக்கே ஏதோ குறையாகத் தோன்றும்.) இரண்டாவது வகை, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புகளைக் கொடுத்து நிரப்பச் சொல்லும் நம் தேர்வுமுறையின் பிள்ளை. அந்தச் சட்டகத்தில் முடிவுரை என்பது அறிவுரை சொல்லும் இடமாகவே நின்றுவிட்டதால், ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்கு அதில் இடமே இல்லாமல் போயிற்று.

இரு தரப்புக்கும் சமமான பத்திகளை ஒதுக்குவதை நடுநிலை என்று நான் கருதவில்லை. எதிர்த்தரப்பினர் படித்துவிட்டு ‘நாங்கள் சொல்ல வந்தது இதைத்தான்’ என்று ஏற்கும் அளவுக்கு அவர்கள் வாதத்தை எழுதிவிட்டு, அதன் பிறகும் தனக்கென்று ஒரு முடிவைச் சொல்லக்கூடியவரே நடுநிலையாக எழுதுகிறார். இது நமக்குப் புதிதும் இல்லை. நன்னூலின் பாயிரம், ஒரு நூலாசிரியர் கருத்துகளை எதிர்கொள்ளும் முறைகளை எழுவகை மதம் (இங்கே மதம் என்றால் கொள்கை) என்று வகுக்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறிதொன்றோடும் படாமல் தன் மதம் கொள்ளல். பிள்ளைகளுக்குத் தெரிந்தவை இவற்றுள் முதல் இரண்டு மட்டுமே. நீங்கள் கற்பிக்க வேண்டியவை மூன்றாவதும் ஐந்தாவதும். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அந்த உரிமையைக் கொண்டாவது இந்தப் பாடத்தை வகுப்பில் தொடங்கலாம்.

‘கைப்பேசியின் நன்மை தீமைகள்’ போன்ற தலைப்புகளை முதலில் கைவிட்டுவிடுங்கள். அவற்றில் உண்மையான எதிர்த்தரப்பு கிடையாது. கைப்பேசியே கூடாது என்று வாதிடும் ஆளை உங்கள் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? பொருள் உங்கள் வட்டத்திலேயே இருக்கிறது. 1948 முதல் 1955 வரை கட்டப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. மண் வாய்க்காலாக வெட்டப்பட்ட அதைச் சுமார் 710 கோடி ரூபாயில் கான்கிரீட் கொண்டு சீரமைக்கும் திட்டம் வந்தபோது உழவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். வழியில் நீர் கசிந்து வீணாவது நின்றால்தான் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை நிலங்களுக்குத் தண்ணீர் சேரும் என்றார்கள் ஒரு சாரார். வாய்க்காலின் கசிவுநீர்தான் கிணறுகளுக்கும் தென்னைக்கும் குடிநீருக்கும் ஆதாரம், கான்கிரீட் போட்டால் அவை வற்றும் என்றார்கள் மறுசாரார். அதிலும் ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடும் பாசனம் இது. தங்கள் முறை வராத போகத்தில் கிணற்றை நம்பியிருப்பவரின் அச்சத்தை இந்த ஏற்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒருவரும் இங்கே கெட்டவர் இல்லை, இரு பக்கமும் தண்ணீரைத்தான் கேட்கிறது என்பதால் இளையோருக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடைப்பது அரிது.

உங்கள் வகுப்பில் இரு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். முதல் வாரம் எவரும் தன் கருத்தை எழுத வேண்டாம். தன் வீட்டார் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டு, அவர் வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதிவரச் செய்யுங்கள். ‘எங்க கெணத்துல தண்ணி நிக்கிறதே இந்த வாய்க்காலாலதானுங்க’ என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். பிறகு அந்தப் பக்கத்தை, எதிர்த்தரப்பு வீட்டிலிருந்து வரும் வகுப்புத் தோழரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ‘இதில் எங்கள் நியாயம் முழுதாக வரவில்லை’ என்றால் திரும்ப எழுத வேண்டும்; மதிப்பெண் போடும் வேலை இந்தக் கட்டத்தில் உங்களுடையது அன்று. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலவீனமான இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு அடிக்கும் வழக்கம் இந்த ஒரு பயிற்சியிலேயே பெருமளவு குறையும்.

இரண்டாவது வேலைதான் கடினமானது, இதற்குத்தான் நீங்கள் அதிகப் பொழுது ஒதுக்க வேண்டும். சச்சரவு எந்த இடத்தில் நிற்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். வாய்க்காலில் எவ்வளவு நீர் கசிகிறது, அதில் எவ்வளவு கிணறுகளுக்குப் போகிறது என்பவை அளந்து அறியக்கூடிய கேள்விகள்; எவ்வளவு உரக்கப் பேசினாலும் அவற்றுக்கு விடை வராது. பல ஆண்டுகளாகக் கசிவை நம்பிப் பயிர் செய்தவருக்கு அந்த நீரில் உரிமை உண்டா, வாய்க்காலின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் பெயர் இருந்தும் தண்ணீர் காணாத கடைமடைக்காரருக்கே முதல் உரிமையா என்பது வேறு வகைக் கேள்வி. இதை எந்த அளவுகோலாலும் தீர்க்க முடியாது; நியாயம் எதுவென்று எடைபோட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் வகைக் கேள்விக்கு ஆவேசத்தாலும் இரண்டாம் வகைக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தாலும் பதில் சொல்லப் பார்ப்பதே இளையோர் கட்டுரைகளில் நான் அதிகம் காணும் குழப்பம். (பெரியவர்கள் எழுதும் தலையங்கங்களிலும் இதைக் காணலாம்.)

எல்லாப் பொருளுக்கும் இரு பக்கம் உண்டு என்ற எண்ணத்தையும் இதோடு சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததா என்று இன்று ஒரு மாணவர் இரு பக்கமும் எழுதினால் அது நடுநிலை ஆகாது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் 2011இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சுத்திகரிப்புச் செலவைச் சிறு பட்டறைக்காரர் மட்டும் சுமப்பதா, அரசும் ஏற்றுமதியாளரும் பங்கேற்பதா என்று எழுந்த கேள்வியில் எடைபோட நிறைய இருக்கிறது. ஒரே செய்தியிலிருந்து இரு பக்கம் உள்ள கேள்வியையும் இல்லாத கேள்வியையும் பிரித்தெடுக்கச் சொல்வதே ஒரு நல்ல வகுப்பு.

வாக்கிய அளவிலும் கற்பிக்க ஒன்று உண்டு. ‘கசிவு குறையும் என்றாலும் கடைமடைக்கு நீர் சேரும்’ என்பதையும், ‘கடைமடைக்கு நீர் சேரும் என்றாலும் கசிவு குறையும்’ என்பதையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள். சொன்ன செய்திகள் இரண்டிலும் ஒன்றே. எழுதியவர் எந்தப் பக்கம் என்பது மாறிவிடுகிறது. தமிழில் ஒப்புக்கொள்வதை முன்னே சொல்லி, கனத்தை முற்றுவினையில் இறக்கிவைக்கிறோம். ‘ஆனால்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் ஓட்டும் மாணவருக்கு, எனினும், ஆயினும், என்பது மெய்யே, ஒருவேளை, அந்த அளவில் என்பவற்றையும் பழக்கினால், எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்பதை அளந்து சொல்ல அவருக்குக் கருவி கிடைக்கும்.

பெற்றோரின் அச்சத்துக்கு வருகிறேன். தேர்வுக் கட்டுரையின் சட்டகம் இவற்றில் எதையும் தடுப்பதில்லை. விவாதத்துக்குரிய பொருள் வந்தால், எதிர்த்தரப்பின் நியாயம், அதில் ஏற்கத்தக்கது, என் முடிவும் காரணமும் என்று உட்தலைப்புகளை அமைத்துக்கொள்ளலாம். குறிப்புகள் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றுக்குள்ளேயே இதே வரிசையில் எழுதலாம். மனப்பாடம் செய்து எழுதிப் பழகியவர்களின் கட்டுரை தொடக்கத்தில் முன்பைவிடத் தடுமாறும் என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதனால்தான் இதைப் பதினொன்றாம் வகுப்பில் தொடங்குவது நல்லது. பன்னிரண்டில் எவருக்கும் பொறுமை இருக்காது. திருத்தும்போது எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் இன்னொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, முதல் சில கட்டுரைகளின் ஓரத்தில் ‘இதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.