துவைத்துக் கொடுத்த வேட்டி

கேள்வி: லிங்கராஜபுரத்தில் தனி வீட்டில் முப்பது ஆண்டுகள் குடியிருந்த நாங்கள், மே மாத இறுதியில் சர்ஜாபூர் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 11ஆவது மாடிக்கு மாறினோம். இங்குள்ள குடியிருப்போர் சங்கத்தினர் நாட்டு நாய் வேண்டாம் என்று சொன்னதால், 9 ஆண்டுகளுக்கு முன் அப்பா தெருவிலிருந்து தூக்கி வந்த எங்கள் மணியை ஒரு காப்பகத்தில் விட்டோம். அங்கே இடம் போதாமல் ஒரே வாரத்தில் ஊருக்கு வெளியே வேறொரு காப்பகத்துக்கு மாற்றினார்கள். புதுக் கூண்டுக்குப் போய் 12 நாள்கள் ஆகின்றன. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடுகிறது, வயிற்றுப்போக்கு இருக்கிறது, முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. முதல் சில நாள்கள் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது, இப்போது சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறது. 'அமைதியாகிவிட்டது' என்கிறார்கள் பணியாளர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் காரில் போய்ப் பார்த்தோம், எழுந்துகூட வரவில்லை. நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. மாதாமாதம் பணம் கட்டுகிறோம். படுக்கை, தட்டு எல்லாம் புதிதாக வாங்கிக் கொடுத்தோம். அப்பா தன் பழைய வேட்டி ஒன்றைத் தந்தார், அதையும் நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தோம். மணி பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? அதற்கு மாத்திரை ஏதும் உண்டா? நாங்கள் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிடுவது நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வீடு மாறுகிறவர்களிடமிருந்து இப்படி ஒரு கடிதம் ஆண்டுதோறும் எனக்கு வருகிறது. நாயின் பெயர் மாறுமே தவிர, 'எத்தனை நாளில் பழகும்' என்ற கேள்வி மாறுவதில்லை. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேட்டியைப் பற்றிப் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான். அதைப் பெருமையோடு வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வேட்டியை உங்கள் அப்பா எதற்காகக் கொடுத்தார் என்று நினைத்தீர்கள்? புதுப் படுக்கை வாங்கியாகிவிட்டது. விரிக்கத் துணி இல்லை என்று அவர் கொடுக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு நாயோடு காலையும் மாலையும் நடந்த மனிதர், தான் உடுத்திக் களைந்ததை எடுத்துக் கொடுக்கிறார் என்றால், தன்னை அழைத்துப் போகாத இடத்துக்குத் தன் வாசனையாவது போய்ச் சேரட்டும் என்று கொடுத்திருக்கிறார். நீங்கள் அதைச் சோப்புத் தூளில் ஊறவைத்து, அலசி, இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்த்து, காப்பகத்தார் அழுக்குத் துணி என்று முகம் சுளிக்கக் கூடாதே என்ற உங்கள் கௌரவத்தோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். மணிக்குக் கிடைத்தது கடையில் வாங்கிய துணியைப் போல இன்னொரு துணி.

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விழித்தபடியே அசையாமல் படுக்கப் பழக்கி, தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய், தன்னுடையது என ஐந்து வாசனைகளை முகரக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லது ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்க்கையில் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி, உடன் வாழும் மனிதரின் வாசனைக்குத்தான் மிகுதியாக விழித்தது. அந்த மனிதரோ அப்போது அங்கே இல்லை. ஒரு பெரிய ஆய்வுக்கூடம் கருவி வைத்துக் கண்டதை உங்கள் அப்பா கொடியில் கிடந்த வேட்டியை உருவும்போதே அறிந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது கூண்டுக்கு வருகிறேன். நாய்கள் நிறைந்த காப்பகத்தில் ஒன்று குரைக்கத் தொடங்கினால் எல்லாம் குரைக்கும். சிமென்டுச் சுவரும் தகரக் கூரையும் அந்தச் சத்தத்தைத் திருப்பி அடிக்க, அது 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நமக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் செவி, நாய்க்கு 45,000 வரை கேட்கும்; ஆகவே கூண்டுக் கதவின் கிறீச்சொலிகூட நாம் கேட்பதைப் போல் அதற்குக் கேட்பதில்லை. தரையில் பினாயில், பக்கத்துக் கூண்டுகளில் அஞ்சுகிற நாய்களின் மூத்திரம், நேரத்துக்கு ஒருவராக மாறும் ஆள்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கழுவ வருகிறவர் கன்னடத்திலோ இந்தியிலோ அதட்டுவார். பெங்களூரு நாய்க்குக் கன்னடம் கேட்காத மொழியா என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் கேட்டிருக்கும், 'சாப்பிட வாடா' என்று அதை உள்ளே கூப்பிட்ட மொழி தமிழ். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வேறுவேறு விதமாக வேலை செய்கிறது என்பதை ஸ்பானிய மொழியையும் ஹங்கேரிய மொழியையும் கேட்கவைத்துப் புடாபெஸ்டில் நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளியாகியிருக்கிறது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள்களில் நாயின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன், வீட்டு நாய்க்கு இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததாக ஓஹையோவில் நடந்த ஓர் ஆய்வு 1997இல் காட்டியது. ஒரு வாரத்துக்கு மேல் தங்கிய நாய்களுக்கு அது குறைந்திருந்தது. உடனே நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். உங்கள் மணி, ஓர் இடத்தில் அந்த அழுத்தம் இறங்கத் தொடங்கும் நேரத்தில் இன்னோர் இடத்துக்குத் தூக்கிக் கொண்டுபோகப்பட்டது, அதுவும் ஒன்பதாவது வயதில். பன்னிரண்டு நாளில் அது நடப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது என்றால் அதற்கு அமைதி என்று பெயர் இல்லை; என்ன செய்தாலும் கதவு திறக்காது என்று தெரிந்துகொண்ட நாய் அப்படித்தான் படுக்கும். குரைக்காத நாயால் பணியாளருக்குத் தொல்லை இல்லை, அதனால் அவர் அதை நல்ல செய்தியாகச் சொல்கிறார். நீங்கள் அதை நம்பியது எனக்கு வியப்பாக இல்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் புது வீட்டில் பழகிவிட்டார் என்றுதானே இந்நேரம் நம்பிக்கொண்டிருப்பீர்கள்?

காரில் நால்வர் போனீர்கள். ஐந்தாவது இடம் காலியாகத்தான் இருந்திருக்கும். அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்பீர்கள். இந்தக் காரணத்தை நான் நூறு கடிதங்களில் படித்துவிட்டேன். சர்ஜாபூர் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்காருவது எழுபதைத் தாண்டியவருக்குச் சிரமந்தான், ஆனால் அந்தச் சிரமம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அவர். வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம், தவணை உங்கள் சம்பளத்தில் போகலாம். பெரியவர் எடுத்து வளர்த்த ஓர் உயிரை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே அனுப்பும் உரிமை அதனால் மகனுக்கு வந்துவிடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றால், அந்த உரையாடல் உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போனது ஏன்?

சங்கத்தைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். எழுத்தில் கேட்டீர்களா? பெரும்பான்மை உறுப்பினர்கள் கூடி முடிவெடுத்தாலும் செல்லப் பிராணிகளைத் தடை செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நாட்டு நாய்க்கென்று அதில் தனி விலக்கு இல்லை. தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் கையில் வைத்துக்கொண்டு செயலாளரிடம் பேசுங்கள். புது இடத்தில் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் முதல் பேச்சிலேயே இறங்கிவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாத்திரை உண்டு. கால்நடை மருத்துவர் பார்த்து, தேவை என்றால் அவர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதற்கு முன்னால், நாளைக்கே மணியை மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடாததையும் வயிற்றுப்போக்கையும் ஏக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நாய்கள் அடைபட்டிருக்கும் இடத்தில் உண்ணிக் காய்ச்சல் வரலாம், குடலில் ஒட்டுண்ணி சேரலாம். இரத்தமும் மலமும் பார்த்தால்தான் தெரியும். காலில் உள்ள புண்ணுக்கும் மருந்து போட வேண்டும்.

அழைத்து வரும்வரை காப்பகத்தாரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை கொஞ்சந்தான், பணிவாகக் கேட்டால் செய்வார்கள். வாசலை ஒட்டிய கூண்டிலிருந்து கடைசி வரிசைக் கூண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். கம்பிக் கதவின் பாதி உயரத்துக்கு ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, எதிர்க் கூண்டு நாயோடு முகம் பார்க்காமல் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி இருக்கட்டும். சாப்பாடு ஒரே ஆள் கையால், ஒரே நேரத்தில் வரட்டும். அவர்களும் குறைந்த ஆள்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள், ஆகவே அதிகாரம் செய்யாதீர்கள்.

பார்க்கப் போவதை நிறுத்தக் கூடாது, ஆனால் நீங்கள் போன விதத்தில் போகவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இரண்டு குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'மணி, மணி' என்று கூப்பிட, எந்த நாய் எழுந்து வரும்? வேலை நாளில், கூண்டு கழுவி முடிந்த பிறகு, அப்பாவை மட்டும் அழைத்துப் போங்கள். ஒரு முக்காலி கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர் அதற்கு நேரே குனிந்து நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், வீட்டில் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டிருக்கட்டும். அது வருகிற நேரத்தில் வரும். என்ன சாப்பிடக் கொண்டுபோவது என்றும் அவரிடமே கேளுங்கள். மோர்ச் சோற்றில் எந்த அளவு உப்பு என்பதுவரை அவருக்குத்தான் தெரியும். நீங்கள் காரில் உட்கார்ந்திருக்கலாம்.

அதன் பிறகு இரண்டு இரவுகளுக்கு மட்டும் என்று சொல்லி மணியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் நாய்களை இப்படி ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கவைத்தபோது கார்டிசால் இறங்கியதையும், திரும்பிப் போனபோது பழைய அளவுக்கே ஏறியதையும் 2019இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அதாவது அழைத்து வருவதால் மணி இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும் என்று அஞ்சக் காரணமில்லை. மூன்றாம் நாள் காலை அதைத் திரும்பக் காரில் ஏற்ற உங்களுக்குக் கை வருகிறதா என்று பார்க்கலாம். லிப்ட் அதற்குப் புதிது. ஆள் குறைந்த நேரத்தில் ஏற்றுங்கள், கதவு மூடும்போது வாலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அப்பா உடுத்தியிருக்கும் வேட்டியை, அவர் களைந்தவுடன் வாங்கி, ஒரு பாலிதீன் பையில் போட்டு வாயை இறுக முடிச்சிட்டு எடுத்துப் போங்கள். கொடியில்கூடப் போட வேண்டாம்.